போகலாம் அக்காவின் முதல் தட்டு

மூன்றாவது கவளத்தை விழுங்கிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் போகலாம் அக்கா. இந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் பேசக் கூடாது, பாத்திரத்தை உருட்டக் கூடாது. பவுடர் பூசிக்கொண்டு யாராவது அந்தப் பக்கம் போனால் முறைப்பாள். வெந்நீரில் கொப்பளித்த வாய், மடியில் ஒரு தட்டு, மூலையில் ஒரு ஸ்டூல். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் எது வெந்தாலும் முதல் தட்டு அவளுக்குத்தான். அவள் சாப்பிட்டு, சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்து, "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் சாப்பாட்டு வண்டிகள் வார்டுகளுக்கு நகரும். அந்த ஒரு சொல்லே அவளுக்குப் பேராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ!

"நல்லா இருக்கு" என்று அவள் வாயால் கேட்டவர் அங்கே ஒருவரும் இல்லை. உப்புக் குறைந்தால் "உப்பு" என்பாள். காரம் தூக்கலாக இருந்தால், "மேல வார்டுல வயித்துப் புண்ணுக்காரங்க படுத்திருக்காங்க, ஞாபகம் இருக்கா?" என்பாள். எல்லாம் சரியாக இருந்தால் அதே "போகலாம்"தான். மூன்று கவளத்துக்கு மேல் ஒரு பருக்கை வாங்க மாட்டாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று ஆசையாகக் கேட்ட சமையல்காரர்கள், "விருந்துக்கா வந்திருக்கேன்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

வீட்டிலோ கதையே வேறு. அங்கே அடுப்பு அவள் வீட்டுக்காரர் வசம். மனிதர் பருப்பில் உப்பை அள்ளிப் போடுவார். சோற்றைக் குழைய விடுவார், இல்லையென்றால் அரை வேக்காட்டில் இறக்கிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருப்பது இன்றுவரை அவர் கைக்குத் தெரியாது. அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவுவாள்.

"எப்படிக்கா இதை வாயில வெக்கிறீங்க?" என்று அவளுடைய ஓரகத்தி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"நாக்கை வேலையிலயே கழட்டி வெச்சுட்டு வந்துடறேன். அவரும் ஆசையா செய்யறாரு, பாவம்."

இந்த ஓரகத்தியும் அதே சமையலறையில்தான் வேலை பார்க்கிறாள். அக்கா சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் சின்னவள் என்பதால் இங்கேயும் சின்னவள். வெங்காயம் உரித்து, காய் நறுக்கி, பெரிய அடுப்பை ஏக்கத்தோடு பார்த்தே காலம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவிடம் அவளுக்கு ஒரு பக்கம் எரிச்சல், மறுபக்கம் வாயடைத்துப்போகிற பிரமிப்பு. பிரமிப்பு நாக்கின் நுணுக்கத்தைப் பார்த்து வந்ததல்ல. ஒருமுறை, "ருசி பார்த்துட்டுத் துப்பிடலாமேக்கா? எதுக்கு முழுங்கறீங்க?" என்று கேட்டதற்கு அக்கா அலட்சியமாகச் சொன்னாள்: "நோயாளி துப்புவானா? நம்மள நம்பி முழுங்கறான். அதை முதல்ல நான் முழுங்க வேண்டாமா?" சின்னவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தினம் தினம், யாரோ முகம் தெரியாதவர்களுக்காக, தன் வயிற்றை முன்னால் அனுப்பிவைக்கிறாளே இந்தப் பொம்பளை!

"சரி, அந்தக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தா வயித்துக்கு என்ன தெரிஞ்சுடும்?"

"வயித்துக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்ல?"

தலைமைச் சமையல்காரர் ஓய்வு பெற்றார். மேற்பார்வையாளர் சின்னவளைக் கூப்பிட்டு, "ஒருநாள் முழுச் சமையலும் உங்க பொறுப்பு. சரியா வந்தா அடுப்பு உங்களுக்கு, இல்லைன்னா வெளியிலேருந்து ஆள் எடுத்துடுவேன்" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலமே கோழி எலும்புகளைப் பெரிய அண்டாவில் போட்டு, சாறு இறங்க வேகவைத்தாள். ஈ, பல்லி எதுவும் அண்டிவிடக் கூடாதே என்று மூடியைப் போட்டு, அதன்மேல் துணியையும் இறுக்கிக் கட்டி, அடுப்படியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் அந்தச் சாற்றைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதிலேயே குழம்பைக் கூட்டினாள். வாசனையோ வாசனை! வண்டி தள்ளுகிறவர்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு, "எங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைங்க" என்று கெஞ்சினார்கள்.

முதல் தட்டு போனது. ஒரு கவளம். இன்னொன்று. மூன்றாவதில் அக்கா கண்ணை மூடினாள். அப்படி ஒரு காட்சியை அந்தச் சமையலறை பார்த்ததே இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறாள், அந்த 'நல்லா இருக்கு' வந்துவிடப் போகிறது என்று சின்னவள் கரண்டியும் கையுமாக நின்றாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "எலும்பை எப்ப வேக வெச்சே?"

"காலையிலதான்க்கா." ஏன் பொய் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"காலையில வெச்ச எலும்புல இந்த ருசி வராது. இது ராத்திரி முழுக்க ஊறின ருசி."

சின்னவளின் முகம் வெளுத்தது. "நேத்து சாயங்காலம் வெச்சேன். ஆனா ஒரு தூசி விழலைக்கா. மூடித் துணி கட்டி வெச்சேன். இப்பக் கூட நல்லா கொதிக்க விட்டேனே!"

"கட்டித்தான் கெடுத்தே. அவ்வளவு பெரிய அண்டாவை மூடிக் கட்டினா நடுவுல விடியற வரைக்கும் வெதுவெதுன்னே இருந்திருக்கும். சின்னச் சின்னப் பாத்திரமா பிரிச்சு, ஆறவெச்சு, ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கணும்."

"கொதிச்சா கிருமி செத்துடாதா?"

"கிருமி செத்துடும்டீ. அது கக்கி வெச்ச விஷம் சாகுமா? கொட்டிடு."

"ருசி கெடலையேக்கா! நீங்களே கண்ணை மூடிச் சாப்பிட்டீங்க!"

"கெடலை. அதான் பயமா இருக்கு."

"ஒண்ணுமே ஆகாம இருந்துட்டா?"

"இருந்தாலும் இருக்கும். ஆகுமா ஆகாதான்னு மேல தையல் போட்டுப் படுத்திருக்கிறவங்க வயித்துல வெச்சுப் பார்க்கலாம்ங்கறியா?"

சின்னவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு நாள்! அதுவும் சொந்த ஓரகத்தி கையாலேயே பறிபோகிறதே! "நான் குடிச்சுக் காட்டறேன் பாருங்க" என்று கரண்டி நிறைய மொண்டு வாயருகே கொண்டுபோனாள். அக்கா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். குழம்பு இருவர் புடவையிலும் கொட்டியது.

"நான் முழுங்கினது போதும். ரெண்டு பேரும் படுத்துட்டா நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?"

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. அந்த மூன்று கவளமும் அக்காவின் வயிற்றுக்குள் இருக்கின்றன. கோபம் வந்த வழியே இறங்கிப்போனது. வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அண்டாவைத் தானே சாய்த்துக் கொட்டினாள். மூக்கைச் சிந்திக்கொண்டே பருப்பை ஏற்றினாள், முட்டைகளை வேகப் போட்டாள். அழுகையோடு செய்தாலும் கை தப்பவில்லை. அக்கா மறுபடி வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

சோறும் பருப்பும் அவித்த முட்டையுமாக இன்னொரு முதல் தட்டு வந்தது. மூன்று கவளம். சுவர். சற்று நேரம். "போகலாம்."

அதே பழைய சொல்தான். வண்டிகள் கடகடவென்று ஓடின. கடைசி வண்டி வெளியேறும்போது மேற்பார்வையாளர் எதிரே வந்தார். "வார்டுலேருந்து ஃபோன் மேல ஃபோன். ஏன் இவ்வளவு லேட்டு? கோழின்னு சொன்னீங்க, முட்டை போகுது?"

"நான்தான் கொட்டச் சொன்னேன்" என்றாள் அக்கா.

சின்னவள் முன்னால் வந்தாள். "என் தப்புதான் சார். நேத்தே வேக வெச்சு, மூடிக் கட்டி, வெளியிலயே விட்டுட்டேன். அக்கா கேட்டப்ப காலையிலதான் வெச்சேன்னு பொய் வேற சொன்னேன்."

மேற்பார்வையாளர் காலி அண்டாவைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "சொந்தம்னு பார்க்காம சொல்லுங்க. இவங்க கையில அடுப்பைக் கொடுக்கலாமா?"

அக்கா மூன்று கவளம் முடிந்து மடியில் கிடந்த தட்டை எடுத்தாள். சின்னவளை நோக்கி நீட்டினாள்.

"இன்னொரு கரண்டி போடு."