பத்மாசனி தண்ணீர் குடித்த நாள்

பத்மாசனி எனக்கு மருமகள் முறை. என் சின்னம்மாவின் மகள் சிவகாமிப்பிள்ளை. அவளுடைய மூத்த பிள்ளை இவள். தகப்பன் வேலாப்போடி வெருகல் பக்கத்து ஆள், கட்டைபறிச்சானில் கலியாணம் முடித்து அங்கேயே வயல் செய்தவர். இரண்டு பக்கத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை வேறு இல்லை. திருகோணமலையில் ஒரு கல்லூரியில் கட்டடப் படம் கீறும் படிப்புக்கு இவளுக்கு இடம் கிடைத்தபோது சிவகாமிப்பிள்ளை கோயிலில் பொங்கல் வைத்தாள்.

சண்டைக் காலம் அது. தரைப்பாதை மூடிக்கிடந்தது. பக்கத்து மூதூரில் லோஞ்சுப் படகு ஏறித்தான் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போக வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கடற்படைச் சோதனை. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. லோஞ்சில் கக்கூஸ் இல்லை. ஆண்கள் பின்பக்கம் போய் நின்றுகொள்வோம். பெண்கள் முதல்நாள் பொழுதுபட்டதும் தண்ணீரை விட்டுவிடுவார்கள்.

"லோஞ்சுக்குப் போற நாளில வாய் நனைக்கிறதோட சரி, பிள்ளை" என்பாள் சிவகாமிப்பிள்ளை.

மற்றப் பெண்களுக்கு அது மாதத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ. பத்மாசனிக்குக் கல்லூரி உள்ள நாளெல்லாம். தொடக்கத்தில் போத்தலில் தண்ணீர் கொண்டுபோனாள். சோதனையில் போத்தலைக் கண்டால், உள்ளே இருப்பது தண்ணீர்தான் என்று குடித்துக் காட்டச் சொல்வார்கள். குடித்தால் பிறகு அடக்க வேண்டும். அதனால் போத்தலையும் விட்டாள்.

கூடப் படித்த மூதூர்ப் பிள்ளை றஹ்மா வாய்க்காரி. நான் கருவாட்டுப் பெட்டியோடு அதே லோஞ்சில் போகிறவன், இவர்கள் கதை என் காதில் விழும்.

"என்ன புள்ள, நாங்க வருசத்துல ஒரு மாசந்தான் நோன்பு. நீ வருசம் முழுக்கப் புடிக்கிறாய். எங்களுக்கு முந்திச் சொர்க்கத்துக்குப் போற யோசினையா?"

"போனா உனக்கும் ஒரு கதிரை பிடிச்சு வைக்கிறன், வா" என்று இவளும் சிரித்தாள். உதடு வெடித்துக் கிடந்தது.

இரண்டாம் வருடம் காய்ச்சல் வந்தது. குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேலே குத்து. எங்கள் பக்கத்தில் நடுங்கினால் மலேரியாதான். குளிசை கொடுத்தார்கள், அடங்கியது போல இருந்து திரும்ப வந்தது. சூடு என்று தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்பதை வெட்கத்தில் தாயிடம்கூட அவள் சொல்லவில்லை. சிறுநீரில் இரத்தம் கண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். திருகோணமலை டவுன் டொக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டரம்மா நல்ல பெண். "தங்கச்சி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"பின்னேரம் வீட்ட போய்க் குடிப்பன்."

"சிறுநீரகத்தில கிருமி ஏறிட்டுது. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குடிக்க வேணும். அடக்கப்படாது. இல்லாட்டி ஒரு பக்கம் பழுதாப் போயிடும்."

"அடக்காம எங்க போறது, அக்கா? லோஞ்சில வரவேணும், செக்கிங் இருக்குது..."

டொக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். டவுனில் தங்கவும் வழி தெரியவில்லை. டவுனுக்குப் பக்கத்தில் உப்புவெளியில் எங்கள் சொந்தக்காரன் தம்பிராசா இருந்தான். ஆனால் வெளி ஆளை ஒரு இரவு வைத்திருந்தாலும் பொலிசில் பதிய வேண்டும், அவனுக்கு அந்தப் பயம்.

பத்மாசனி டொக்டரம்மாவின் சொல்லைக் கேட்டாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கல்லூரியில் கடைசிச் சோதினை எழுதுகிற நாளன்று காலையில் எழும்பித் தண்ணீர் குடித்தாள், லோஞ்சில் ஏறியும் குடித்தாள். மருந்து வேலை செய்து முகம் தெளிந்திருந்தது.

அன்று கடலில் ஏதோ சத்தம் கேட்டதென்று திருகோணமலை இறங்குதுறையில் வரிசையை நிறுத்திவிட்டார்கள். வெயில் ஏறியது. இவள் ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நின்றாள். கக்கூஸ் கடற்படை வேலிக்குள்ளே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் நான் போய்க் கேட்டேன். காவலுக்கு நின்றவன் சின்னப் பெடியன். முடியாதென்று தலையாட்டிவிட்டுத் துவக்கால் வரிசையைக் காட்டினான். அவனுக்கும் மேலே ஒருவன் இருந்திருப்பான்.

திரும்பி வந்தபோது பத்மாசனி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நீலப் பாவாடை கீழ்வரை கறுத்திருந்தது. காலடியில் சிமெந்து நனைந்திருந்தது.

"அல்லாவே, என்ட போத்தல் சரிஞ்சிட்டு!" என்று றஹ்மா பெரிதாகக் கத்தினாள். கத்திக்கொண்டே தன் போத்தலைப் பத்மாசனியின் இடுப்பில் கவிழ்த்தாள். "மன்னிச்சுக்க புள்ள, கை நழுவிட்டு. வெயில்தானே, காஞ்சிரும். வா, சோதினைக்குப் போவம்."

வரிசையில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததிலேயே, எல்லோருக்கும் தெரிந்துவிட்டதென்று பத்மாசனிக்கு விளங்கிவிட்டது.

"மாமா, என்னை வீட்ட கொண்டுபோய் விடுங்கோ."

"சோதினை, பிள்ளை?"

"ஏலாது, மாமா."

அடுத்த முறை எழுதலாம் என்று சொல்ல றஹ்மா வீடு தேடி வந்தாள். பத்மாசனி குசினிக்குள் இருந்தபடியே சொன்னாள்: "குடிச்சா அங்க நிக்க ஏலாது. குடிக்காட்டி காய்ச்சல் வருத்தம். நான் எதைச் செய்ய, றஹ்மா?" றஹ்மா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போனாள்.

சண்டை முடிந்தது. பாலங்கள் வந்தன, பஸ் டவுன் வரைக்கும் ஓடுகிறது. பத்மாசனிக்கு ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது. போன ஆவணியில் உப்புவெளிக் கலியாணத்துக்கு ஒன்றாகப் போனோம். கிண்ணியாவில் பஸ் நின்றபோது சோடா வாங்கி நீட்டினேன்.

"வீட்ட போய்க் குடிக்கிறன், மாமா" என்றாள்.

கக்கூஸ் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சோடாவை நானும் குடிக்கவில்லை.