ஸ்லைடு அக்காவின் தோள்

உடை மாற்றும் அறையின் வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு முழங்கைகளும் தோள் உயரத்தில் நிலையின் இரு பக்கமும் அழுந்தியிருக்கின்றன. வலது கால் ஒரு எட்டு முன்னால். உடம்பை மெல்ல முன்னுக்குத் தள்ளி, வாய்க்குள் முப்பது வரை எண்ணுகிறார். ஈரத் தலையோடு வெளியே போகிறவர்கள் அவர் கைக்குக் கீழே புகுந்துதான் போக வேண்டும். யாராவது தயங்கினால், "நீ குனிஞ்சு போயிடும்மா. எனக்குத்தான் குனியக் கூடாதுன்னு உத்தரவு" என்பார்.

நகராட்சி நீச்சல் குளத்தில் காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு. அந்த ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு அவர் ஸ்லைடு அக்கா. வயது ஐம்பத்து மூன்று. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில், ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகளை, அதாவது ஸ்லைடுகளை, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது வேலை. இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறார். ஒரு தடவை எதற்கோ அங்கே போயிருந்தபோது அவரைக் கண்டேன். கழுத்து முன்னால் நீண்டு, தோள் இரண்டும் சுருண்டு, கருவிக்குள்ளேயே இறங்கிவிடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஸ்லைடு வைத்த தட்டை நகர்த்துகிறது. மறு கை ரத்த அணுக்களை எண்ணும் பொத்தானை டக் டக்கென்று அழுத்துகிறது. மற்றபடி ஆள் அசையவே இல்லை.

"மத்தவங்களுக்கு முன்னாடி என்ன நோய்னு எனக்குத் தெரிஞ்சுடும். சொல்ற உரிமை மட்டும் எனக்குக் கிடையாது. எழுதி மேல அனுப்பணும், அவ்வளவுதான். தலையைத் தூக்கினா, அந்த ரத்தம் குடுத்த பொண்ணோட அம்மா வெளிய பெஞ்சுல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருப்பாங்க. எப்படி இருக்கும் சொல்லு?"

அதனால்தான் தண்ணீர். நாற்பத்து நான்காவது வயதில் அண்ணன் மகளுக்குத் துணையாகக் குளத்துக்கு வந்தவர். அண்ணன் மகள் பத்தே நாளில் வருவதை நிறுத்திவிட்டாள், துணைக்கு வந்தவர் தங்கிவிட்டார். முதல் வருடம் கரைக் கம்பியை விடவில்லை. பிறகு ஒரு நீளம், இரண்டு நீளம். இந்தக் குளம் இருபத்தைந்து மீட்டர். நாற்பது நீளம் நிறுத்தாமல் போனால் ஒரு கிலோமீட்டர். "சாகறதுக்குள்ள ஒரு கிலோமீட்டர்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் விளையாட்டு கிடையாது. போன வருடம் முப்பத்தாறு வரைக்கும் வந்துவிட்டார்.

முப்பத்தேழாவதில்தான் அது நடந்தது. நான் பக்கத்துத் தடத்தில் இருந்தேன். மேலே போன வலது கை பாதியில் நின்று தண்ணீரில் விழுந்தது. ஒற்றைக் கையால் தடவித் தடவிச் சுவரைப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல, சுளுக்கு" என்றார். இரண்டு வாரம் அந்தச் சுளுக்கோடேயே நீந்தினார். அப்புறம் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. மேல் தட்டிலிருந்து டம்ளரை எடுக்க முடியவில்லை. தலை பின்னிவிடுகிற வேலை கணவருக்குப் போனது. அவர் எலக்ட்ரீஷியன். "வயர் முறுக்கற மாதிரி முறுக்கறார். கடைசியில டேப் சுத்தாத குறைதான்."

ஸ்கேனில் தோளின் தசைநாண் ஒன்று பாதி கிழிந்திருந்தது. பெரிய டாக்டர், கத்தியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆறு மாதம் பயிற்சி என்று பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். பிசியோ பருத்த மனிதர். தோளைத் தொடவே இல்லை. அக்காவைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முதுகு படிந்தது; தோள்கள் படியவில்லை. இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளி. காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அக்கா போட்ட சத்தத்தில் வாசலில் காத்திருந்தவர் எழுந்து போய்விட்டாராம்.

"வலி தோள்ல இருக்கு. குத்தவாளி நெஞ்சுல ஒளிஞ்சிருக்கான்" என்றார் பிசியோ. "கை மேல போறப்போ பின்பக்கத் தோள்பட்டை எலும்பு சாஞ்சு வழி விடணும். உங்களோடது விடல. நெஞ்சுத் தசை குறுகிப்போய் அதை முன்னால இழுத்துப் புடிச்சிருக்கு. எலும்புக்கு அடியில இருக்கற சந்து சின்னதாயிடுச்சு. அதுக்குள்ள அந்த நாண் கயிறு மாதிரி உரசி உரசிப் பிஞ்சிருக்கு. எல்லாருக்கும் இதே காரணம்னு சொல்லமாட்டேன். உங்க விஷயத்துல இதுதான்னு என் கை சொல்லுது. எத்தனை வருஷமா இப்படிக் கூனி உக்கார்றீங்க?"

"இருபத்தெட்டு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நீந்தக் கூடாது என்று ஆன பிறகும் குளத்துக்கு வருவது நிற்கவில்லை. வாசலில் முப்பது எண்ணுவார். சுருட்டிய துண்டை முதுகெலும்புக்கு நேராகப் போட்டு, அதன்மேல் படுத்துக் கைகளை விரிப்பார். ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் எத்தனாவது நீளம் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும். என் பதினெட்டை நான் இருபது என்று சொல்லி ஏமாற்ற முடியாது.

அப்படி ஒரு காலையில், நான் கரையேறிப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"பிசியோகிட்ட இருபத்தெட்டுன்னு சொல்லிட்டேன். பொய். நாப்பது."

நான் புரியாமல் பார்த்தேன்.

"பதிமூணு வயசுல திடீர்னு வளந்துட்டேன். அத்தை ஒருத்தி, நல்லவங்கதான், 'நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்காதேடி, எல்லாரும் பாக்கறாங்க'ன்னாங்க. அன்னைக்குப் புத்தகத்தை மாரோட அணைச்சேன். அப்புறம் காலேஜ் ஃபைலு, ஆஸ்பத்திரி ஃபைலு. கையில ஒண்ணும் இல்லேன்னாலும் தோள் தானா உள்ள போயிடும். மைக்ராஸ்கோப் பாவம், அது மேல பழி போட்டுட்டேன்." "தண்ணிக்குள்ள மட்டும் மறந்துடுவேன். கையை வீசறப்போ நெஞ்சு அப்படியே திறந்துக்கும். வலி போகணும்னு கூட இல்ல. அந்தத் திறப்பு வேணும் எனக்கு."

மடியில் வைத்திருக்க வேண்டிய என் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். மெதுவாகக் கீழே வைத்தேன்.

ஆசை பொறுமையைத் தின்றுவிட்டது. மூன்றாம் மாதம், யாருக்கும் சொல்லாமல் சீக்கிரமே வந்து இறங்கிவிட்டார். நான்கு நீளம். ஒரு வாரம் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. பிசியோ கத்தினாராம்: "நான் கட்டறேன், நீங்க இடிக்கிறீங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் நிறுத்தணும்." அன்றைக்கு அக்கா அழுதிருக்கிறார். மறுநாள் ஆய்வகத்தில் நான்கு பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி, மைக்ராஸ்கோப்பை அதன்மேல் ஏற்றினார். அதிகாரி வந்து, "என்னம்மா இது, மேடையெல்லாம் போட்டிருக்கீங்க?" என்றாராம். "நாற்காலியில உக்காந்தே நிமிந்து பாக்கறதுக்கு சார்" என்றிருக்கிறார் அக்கா. ஒவ்வொரு இருபது ஸ்லைடுக்கும் எழுந்து, ஆய்வகக் கதவு நிலையில் முப்பது எண்ணுகிறார். நோயாளிகள் வழி விட்டுப் போகிறார்கள்.

ஆறாம் மாதம் தலையைத் தானே பின்னிக்கொண்டார். கணவர், "என் வேலை போச்சா?" என்று வருத்தப்பட்டுக்கொண்டாராம். ஏழாம் மாதம் மேல் தட்டு டம்ளர். பெஞ்சில் படுத்தபோது இடைவெளி ஒரு விரலுக்கு இறங்கியிருந்தது. முழுதாகப் படியுமா என்று கேட்டதற்கு, "இருபத்தெட்டு வருஷத்தை ஏழு மாசத்துல சரி பண்ணக் கேக்கறீங்களே" என்று பிசியோ சிரித்தார். கிழிசல் பழையபடி ஆகும் என்று அவர் வாக்கு கொடுக்கவில்லை. ஒரு கிலோமீட்டரைப் பற்றி அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுவிடுவாரோ என்ற பயம்.

ஒன்பதாம் மாதம், போன செவ்வாய்க்கிழமை, தண்ணீரில் இறங்க அனுமதி வந்தது. ஆறு வீச்சு. வலது மூன்று, இடது மூன்று. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பிசியோ அனுப்பியிருந்தார்.

ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். ஆழமில்லாத பக்கம். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் நான்கைந்து பேர் நீந்துவதை நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுவரை உதைத்துக் கிளம்பினார். ஒன்று. இரண்டு. வலது கை தண்ணீரை விட்டு மேலே வந்து, காதைத் தாண்டி, தடையில்லாமல் முன்னால் போய் விழுந்தது. ஐந்து. ஆறு.

காலை ஊன்றி நின்றார். மூச்சு வாங்கியது. எதிர்ச்சுவர் இன்னும் பாதிக் குளத்துக்கு மேல் தள்ளி இருந்தது. நடுவில் அசையாத நீல நீர்.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தார். திரும்பி வரவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி வலது கையை நீட்டி, உள்ளங்கையைத் தண்ணீரின் மேல் வைத்தார். ஏழாவது வீச்சை இழுக்காமல், அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.