முறைக்கம்பு என் வீட்டில் இருந்த நாள்

எங்கள் ஊர்க் குளத்துக்குக் காவல் வைத்ததில் என் பங்கு பெரியது. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் உண்டு. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே குளம். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை வந்து சேரும் பக்கத்திலேயே, குளத்துக்குள் ஒரு குடிநீர்க் கிணறு இருக்கிறது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மோட்டார் போட்டால் ஆறு மணிக்குள் மேல்நிலைத் தொட்டி நிறைந்துவிடும். மறுநாள் காலையில் அது தெருத்தெருவாகக் குழாயில் வரும். குளம் கெட்டால் கிணறு கெடும், கிணறு கெட்டால் நாம் கெடுவோம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு கழிவு லாரிகள் வரத் தொடங்கின. எந்த ஆலையின் கழிவு, எந்த ஊர் லாரி என்று தெரியாது. நம்பர் பலகையில் சேறு அப்பியிருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஓடைப் பாலத்தில் நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். மனுக் கொடுத்தோம். பாலத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை வந்தது. லாரிக்காரர்களுக்கு அதைப் படிக்க நேரமில்லை போலிருக்கிறது, வருவது நிற்கவில்லை.

அப்புறம்தான் ஊரில் சங்கம் சேர்ந்தது. கோயில் பக்கத்திலிருந்து நாலு பேர், சர்ச் பக்கத்திலிருந்து நாலு பேர். தலைவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். எங்கள் ஊரில் கடலையும் சோளமும் விளைந்து நிற்கும் காலத்தில் காவலுக்கு முறைக்கம்பு சுற்றும். ஒரு மூங்கில் கம்பு வீடு வீடாகப் போகும். அது எந்த வீட்டு வாசலில் சாத்தியிருக்கிறதோ, அன்று அந்த வீட்டார் காவல். அதையே குளத்துக்கும் வைத்துக்கொள்வோம் என்றார் தலைவர். கம்போடு ஒரு நோட்டும் போகட்டும் என்று சொன்னது நான். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு முறை, ஓடை சேரும் இடம் வரை நடந்து போக வேண்டும். ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை மோந்து நிறம் பார்த்து, முகர்ந்து பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். வெறும் "ஓகே" என்று எழுதி வைத்தவர்களை வீடு தேடிப் போய் நான் சத்தம் போட்டிருக்கிறேன். வாத்திச்சி புத்தி எங்கே போகும்.

அந்தச் சனிக்கிழமை கம்பு என் வீட்டு வாசலில் இருந்தது. மாசி மாதம், குளத்தில் முக்கால் தண்ணீர். காலையில் ஒழுங்காகப் போய்ப் பார்த்து, ஒழுங்காக எழுதினேன். மத்தியானம் தலைக்குக் குளித்தேன். திருத்த வேண்டிய பேப்பர் ஒரு கட்டு கிடந்தது. வீட்டுக்காரர் மல்லிகைப் பூவை மார்க்கெட்டில் போட திண்டுக்கல் போயிருந்தார். ஐந்து மணிக்கு வெளியே எட்டிப் பார்த்தேன், வெயில் இன்னும் இறங்கவில்லை. ஈரத் தலையோடு அந்தப் புழுதியில் யார் நடப்பது என்று தோன்றியது. காலையில் பார்த்த தண்ணீர்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும். கட்டிலில் உட்கார்ந்தபடியே நோட்டை எடுத்து எழுதினேன்: மாலை 5 மணி. தண்ணீர் தெளிவு. வாசனை இல்லை. முகர்ந்தே பார்க்காத தண்ணீருக்கு வாசனை இல்லை என்று எழுதிய கை இது. கீழே கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிக்குச் சர்ச்சில் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஆடு பத்திக்கொண்டு போனவர் குளத்தில் மீன் செத்து மிதக்கிறது என்று தெருவில் சொல்லிக்கொண்டு ஓடினார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். கெண்டையும் ஜிலேபி மீனும் வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. முட்டை அழுகிய நாற்றம், அதற்கு மேல் தொண்டையைக் கமறவைக்கும் இன்னொரு நாற்றம். கரையில் அரை ஊர் கூடியிருந்தது.

பூப் பறித்துவிட்டு முந்தின நாள் பொழுது சாய்ந்து ஏழு மணிக்குத் திரும்பிய ஒருத்தி, பாலத்தில் ஒரு டேங்கர் லாரி நின்றதைப் பார்த்ததாகச் சொன்னாள். தலைவர் என் கையிலிருந்த நோட்டை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"அஞ்சு மணிக்கு டீச்சர் பாத்திருக்காக, தண்ணி தெளிவா இருந்திருக்கு," என்றார். "லாரி வந்தது ஏழு மணிக்கு. டேங்க் ஆறு மணிக்கே நெறஞ்சு போச்சு. அப்ப டேங்க்ல இருக்கது நல்ல தண்ணி. இன்னிக்கு அதைத் தெறந்துவிட்டு, இனிமே மோட்டார் போடாம இருப்போம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது, என் வரி உண்மையாக இருந்தால். தொட்டியைத் திறந்துவிடும் ஆபரேட்டர், என் பழைய மாணவர்களில் ஒருவரின் அண்ணன், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்கதான பாத்தீக? அஞ்சு மணிக்குத் தண்ணி நல்லா இருந்துச்சுல்ல? தெறந்துவிட்றவா?"

"ஆமா. பாத்தேன்," என்றேன்.

அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை. அத்தனை பேர் முகத்துக்கும் நேரே வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. லாரி ஏழு மணிக்குத்தான் வந்தது, நீ போயிருந்தாலும் தெளிவாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை உறுதிப்படுத்திக்கொள்ள ஓடை சேரும் இடம் வரை நடந்தேன். அங்கே ஓரமெல்லாம் பொன்னாங்கண்ணி படர்ந்திருக்கும். குனிந்து பார்த்தேன். இலைகளின் ஓரம் சுருண்டு, கருகி, தொட்டால் பொடிந்தது. எங்கள் தோட்டத்தில் வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்போம். அடித்த பிறகு வெயில் காய்ந்தால்தான் இலை இப்படிக் கருகும், மேகம் போட்டால் அப்படியே நிற்கும். ஏழு மணிக்கு மேல் கொட்டியிருந்தால் விடிவதற்குள் இப்படி ஆகாது. சனிக்கிழமை வெயிலிலேயே, நான் தலை காயவைத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே, ஒரு லாரி வந்து போயிருக்கிறது. ஏழு மணிக்கு வந்தது வேறொரு லாரி. நாலு மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கியபோது கிணற்றில் விஷம் இறங்கியிருக்கிறது.

இதைப் புரிந்துகொண்ட அந்த நிமிஷமே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பொன்னாங்கண்ணித் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைவர் என்ன சொல்வார், என்னிடம் திட்டு வாங்கியவர்கள் என்ன சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் என்ன ஆகும் என்றெல்லாம் ஓடியது. ஜெபம் சொல்லப் பார்த்தேன், பாதியில் வார்த்தை மறந்துபோனது. தெற்குத் தெருவில்தான் முதலில் குழாய் வரும். அங்கே இந்நேரம் குடத்தை வைத்திருப்பார்கள் என்று தோன்றியபோதுதான் கால் நகர்ந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஓடும்போதுகூட எப்படித் தப்பிக்கலாம் என்றுதான் யோசித்தேன். தொட்டிக்குக் கீழே ஆபரேட்டர் வண்டியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எதுக்கும் வால்வை மூடிருங்க," என்றேன்.

"ஏன் டீச்சர், நீங்கதான நல்லா இருந்துச்சுன்னு சொன்னீக?"

"எதுக்கும் மூடுங்களேன். ஒரு சந்தேகம்."

"தெருவுல சனம் என்னைய ஏசும் டீச்சர். என்ன சந்தேகம், சொல்லுங்க."

மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. "நான் சாயங்காலம் போகலப்பா. வீட்டுல உக்காந்து எழுதிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. போனைப் பையில் போட்டார், வால்வுக் குழிக்குள் இறங்கி இரண்டு கையாலும் சுற்றினார். மேலே ஏறி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு கோயில் மைக்கிலும் சர்ச் மைக்கிலும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: குழாய்த் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம், பிடித்ததைக் கீழே ஊற்றுங்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள். நான் தெற்குத் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்க் குடங்களைக் கவிழ்த்தேன். நல்ல மனசு என்று ஒரு பாட்டியம்மா என் கன்னத்தைத் தடவினார், எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திண்டுக்கல்லுக்குப் பரிசோதனைக்குக் கொடுத்தனுப்பிய பாட்டில்களின் முடிவு நாலாவது நாள் வந்தது. குளம், கிணறு, தொட்டி மூன்றுமே குடிக்க லாயக்கில்லை. தொட்டியில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று சாயங்காலம் சர்ச் வளாகத்தில் கூட்டம். எழுந்து நின்று, நான் போகவில்லை, பொய்யாக எழுதினேன் என்று சொன்னேன். சிலர் தலையைக் குனிந்தார்கள். ஒருவர், "எங்களுக்குல்லாம் பாடம் எடுத்தாக," என்று மட்டும் சொன்னார். தலைவர் ஆபரேட்டரைப் பார்த்து, எவ்வளவு நேரம் தண்ணீர் ஓடியது என்று கேட்டார்.

"தெறந்த ஒடனே டீச்சர் ஓடி வந்துட்டாகண்ணே. அஞ்சு நிமிஷங்கூட ஆகல."

கூட்டத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். முதல் ஐந்து நிமிஷம் வருவது முந்தின நாள் குழாய்க்குள் நின்ற பழைய தண்ணீர் என்பது ஊருக்கே தெரியும். அதைச் செடிக்கு விடுவோம், சிலர் குடிப்பதும் உண்டு. அப்படியானால் யாரும் விஷத்தைக் குடிக்கவில்லை. ஆனால் நான் தொட்டிக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் இருபத்தைந்து நிமிஷம் ஓடியிருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பஞ்சாயத்து ஆபீசில் யாரையும் கேட்காமல் நான் சொன்னதை நம்பித் திறந்துவிட்ட பயம் அவருக்கு. எனக்கு என் பயம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாட்களில் ஒரு விசித்திரம் நடந்தது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது பெண்கள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்கள். "நானும் சாயங்காலம் போனதில்ல டீச்சர்." "எங்க வீட்டுல காலையிலயே ரெண்டையும் எழுதிருவோம்." மூன்று பேர், நாலு பேர். கூட்டத்தில் இவர்களில் ஒருத்திகூட இதைச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்கள். ஒரு வருடமாக அந்தக் குளத்தை யார்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். தெற்குத் தெருவின் முதல் வீட்டு மருமகள். கல்யாணமாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது, அப்போது ஐந்தாம் மாதம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அன்னைக்குக் காலையில ரெண்டு செம்பு குடிச்சேன் டீச்சர். மைக்குல சொல்றதுக்கு முன்னாடி. எங்க அத்தை பயப்படாதன்னு சொல்லிட்டாக, அஞ்சு நிமிஷத்துல நிப்பாட்டிட்டாக, வந்தது பழைய தண்ணின்னு." அவள் என் முகத்தையே பார்த்தாள். "நெசந்தான டீச்சர்? பழைய தண்ணிதான?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகத்தான் அவளும் வந்திருந்தாள்.

"இல்லம்மா," என்றேன். "இருபத்தஞ்சு நிமிஷம் ஓடுச்சு. நீ குடிச்சது டேங்க் தண்ணி."

அவள் கை வயிற்றுக்குப் போனது.

"மூணு வாரமா ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா."

"ஒங்களுக்குப் பயமா இருந்துச்சுன்னு என்னைய மூணு வாரம் சும்மா இருக்க விட்டுட்டீக."

நாளைக்கே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வாரேன், லீவு போட்டுவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"நீங்க வர வேணாம் டீச்சர்," என்றாள்.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவரையில் குறை ஒன்றும் தெரியவில்லையாம், மற்றது பிறந்தால்தான் தெரியும் என்றாராம் டாக்டர். அவள் மாமியார் யாரிடமோ சொல்லி, அவர்கள் என்னிடம் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு அவள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் அவள் நின்றால் வயிற்றைப் பார்ப்பேன். இதுவரை ஒருநாளும் முகத்தைப் பார்க்கவில்லை.