என் பெயருக்கு நேரே எழுதப்பட்ட நோய்

கர்த்தரை நம்பி இங்கே கூடியிருக்கிறவர்களே, வெட்கத்தோடுதான் இதைச் சொல்ல நிற்கிறேன். என் பெயர் செல்வராஜ். முத்தையாபுரத்தில் வீடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறேன்.

போன ஆடி மாதம் கம்பெனி மெடிக்கல் செக்கப். ஆண்களுக்கு அடிவயிற்றில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்காக எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் எனக்கு அளவு கூடியிருந்தது. "கிருமித் தொற்றாவும் இருக்கலாம். மாத்திரை சாப்பிடுங்க, ஆறு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றார் டாக்டர். நான் பயப்படவில்லை.

நான்காம் நாள் யார்டு கேட்டில் நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒமக்கு புராஸ்டேட் கேன்சருன்னு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்திருக்குவே. கிரேன்ல ஏத்த முடியாது. வீட்டுக்குப் போரும்."

பின்னால் எவனோ, "அந்த எடத்துலயா?" என்று கேட்டுச் சிரித்தான். பதினைந்து வருடம் என்னோடு வேலை பார்த்தவன் மறுநாள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி வசந்தா கொடுத்த டீயைத் தொடவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தானாம்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் வெளியூர். கவுன்டரில் இருந்தவர் தலையே நிமிரவில்லை. "சிஸ்டத்துல ஒங்க பேருக்கு நேரே கேன்சர் கோடுதான், அந்த நோய்க்கான நம்பர்தான் இருக்கு." மூன்று தடவை போனேன். கடைசித் தடவை கத்திவிட்டு வந்தேன்.

வசந்தா எனக்குச் சுகம் கேட்டு அழுது ஜெபித்தாள். நானும் முழங்கால் போட்டேன். ஆனால் நான் கேட்டது வேறு. "ஆண்டவரே, இதை எழுதினவன் கை விளங்காமப் போகணும்." பத்து நாள் இதையே கேட்டேன்.

பதினோராம் நாள் காலை, பர்தா போட்ட ஒரு பெண் வாசலில் நின்றாள். காயல்பட்டினத்துப் பிள்ளை.

"அண்ணாச்சி, என் பேரு ஜெய்னம்பு. ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷன்ல வேலை பாக்கேன். ஒங்களுக்கு அந்தக் கோடு போட்டது நான்தான்."

நான் கேட்கும் முன்பே அவளே சொன்னாள்.

"நீங்க சத்தம் போட்டதைக் கேட்டு ஃபைலை எடுத்துப் பாத்தேன். ரத்தத்துல அளவு கூடுனா அதுக்குத் தனி கோடு இருக்கு. சதை எடுத்து டெஸ்ட் பண்ணி உறுதியானாத்தான் கேன்சர் கோடு. டாக்டர் 'சந்தேகம்'னுதான் எழுதியிருந்தார். நான் அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன். டாக்டர் திரும்பி வந்ததும் சொல்லிட்டேன். திருத்துன ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கி கம்பெனிக்கும் அனுப்பியாச்சு. ஒங்ககிட்ட நேர்ல சொல்லாம இருந்தா அல்லாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

திருத்திய ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினாள். பத்து நாளாக நான் சபித்த கை அதுதான். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. வசந்தா அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள்.

ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. வெறும் தொற்றுதான். மறுபடி கிரேன் ஏறினேன். மேனேஜர், "சரி, ஏறும்வே" என்றதோடு சரி. ஒரு வருத்தம் சொல்லவில்லை. அந்தக் கசப்பு இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. அதையும் தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். முன்பு நல்ல வார்த்தை மட்டும்தான் ஜெபம் என்று இருந்தேன்.

உங்கள் மனதில் எவ்வளவு அழுக்கு இருந்தாலும் மறைக்காமல் அவரிடம் கொட்டுங்கள். நான் ஒருத்தியின் அழிவைக் கேட்டேன். அவர் அவளையே என் வாசலுக்கு அனுப்பி எனக்கு உதவி செய்தார்.