கரடிக்கு முடிவெட்டிய கதை

ஃபிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் செய்பவருக்கு ‘ஐஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அவருக்கு யாரிடமும் ஐஸ் வைக்கத் தெரியாது. உங்கள் ஃபிரிட்ஜ் தேறாது என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிப்பட்டவர் மணிக்கணக்காக உட்கார்ந்து அரட்டையடிக்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது அக்கா வீடுதான். அதுவும் கையால். அக்காவுக்கும் மச்சானுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சு, சண்டை, கிண்டல் எல்லாம் அந்த வீட்டில் கைஜாடைதான்.

மச்சான் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். கதை சொல்வதில் மகா கில்லாடி. மகள் சிறுகுழந்தையாக இருந்தபோது, முடிவெட்டிக்கொள்ளப் போன கரடியின் கதையைக் கட்டிலோரம் உட்கார்ந்து கையாலேயே சொல்வார். கத்தரிக்கோல் ஒரு கை, கரடி ஒரு கை. குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். ஐஸ் அப்போதுதான் ஆசை ஆசையாகக் கேம்கார்டர் வாங்கியிருந்தார். எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

போன வருடம் மச்சானுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார், நடக்கவும் ஆரம்பித்தார். வலது கைதான் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. அவர் பேசிக்கொண்டிருந்ததே பெரும்பாலும் அந்தக் கையால்தான். இடது கையால் தட்டுத்தடுமாற வெட்கப்பட்டு, தண்ணீர், மாத்திரை, போதும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

“அந்தப் பழைய கதையெல்லாம் ஒண்ணா சேர்த்துக் குடுடா. அவர் பார்க்கட்டும்” என்று அக்கா கையசைத்துக் கேட்டாள்.

ஐஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். எடிட் செய்கிற சாஃப்ட்வேர், கேம்கார்டர் ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்றது. இணையத்தில் கிடைத்த ஒரு கன்வெர்ட்டரில் போட்டு மாற்றினார். ஃபைலெல்லாம் சுருங்கிக் கைக்கு அடக்கமாக வந்தன. ‘சும்மா’ இருக்கிற இடங்களை வெட்டி, மிச்சத்தை ஒட்டி, பெருமையோடு அக்கா வீட்டு டி.வி.யில் போட்டார்.

அக்காவின் புருவம் நெரிந்தது. “விரல் எங்கடா?”

அப்போதுதான் ஐஸ் கவனித்தார். முகம் இருந்தது, திரைச்சீலையின் பூ இருந்தது. கை வேகமெடுத்த இடத்திலெல்லாம் ஈரத்துணியால் தேய்த்துவிட்டாற்போல் ஒரு கலங்கல். காது கேட்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவர்களுக்கோ பாதிக் கதை காணாமல் போயிருந்தது. மச்சான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐஸுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவர் ஏ.சி. பார்த்துக்கொடுக்கிற வீடியோ ஸ்டூடியோவுக்குப் போனார். கல்யாண வீடியோ எடிட் செய்யும் பெண் இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தாள்.

“கேமரா எழுதின ஃபைல் நல்லாத்தான் இருக்குண்ணா. உங்க சாஃப்ட்வேருக்கு வெளியுறைதான் புரியல. நீங்க உள்ள இருந்த படத்தையும் சேர்த்து நசுக்கிட்டீங்க.”

“அப்ப என்ன பண்றது?”

“உறையை மட்டும் மாத்துங்க. கன்வெர்ட்டர்லயே ‘காப்பி’னு ஒரு வசதி இருக்கு, படத்தைத் தொடாம அப்படியே தூக்கி வேற உறையில போட்டுடும். வெட்டி ஒட்டறதெல்லாம் அதுல பண்ணுங்க. கடைசியா ஒரே ஒரு தடவை சுருக்குங்க, அதுலயும் கஞ்சத்தனம் வேண்டாம்.” இன்னொன்றும் சொன்னாள். “இந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் ஒரு வரி விட்டு ஒரு வரியா, ரெண்டு பாதியா எடுக்குது. உங்க கன்வெர்ட்டர் ஒரு பாதியைத் தூக்கிப் போட்டுடுச்சு. முடிவுல சேமிக்கும்போது ரெண்டு பாதியையும் தனித்தனிப் படமாக்கச் சொல்லுங்க. ஓடுற கை அப்பதான் கையா தெரியும்.”

ஐஸ் அப்படியே செய்தார். படம் பளிச்சென்று வந்தது, சத்தம்தான் வரவில்லை. பதறிப்போய் அக்காவிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “யாருக்குடா வேணும் அது?”

“எனக்கு வேணும் மாமா” என்றாள் கல்லூரியில் படிக்கிற அக்கா மகள். அந்த வீட்டில் காது கேட்பது அவளுக்கு மட்டும்தான். “அதுல நான் சிரிக்கிற சத்தம் இருக்குமே.” ஐஸ் சத்தத்தை மட்டும் புது உறைக்கு ஒத்துவருகிற வகைக்கு மாற்றிச் சேர்த்தார்.

மறுபடி டி.வி.யில் போட்டபோது ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. மச்சான் இமைக்காமல் பார்த்தார். பாதியில் சட்டென்று எழுந்து, ஐஸின் தோளைத் தட்டித் திருப்பி, இடது கையை வீசினார்.

“நடுவுல எதுக்கு வெட்டின? கரடி கண்ணாடியில தன்னைப் பார்க்கிற இடம் எங்க?”

“நீங்க கையை அசைக்காம உட்கார்ந்திருந்தீங்க மச்சான். ஒண்ணும் நடக்கலைனு நினைச்சேன்.”

“கரடி திகைச்சுப்போய் நிக்குது! அதுல என் முகத்தைப் பார்க்கணும்டா, மண்டு. குழந்தை சிரிச்சதே அங்கதான்!”

விரல்கள் குழறின. ஒரு சொல் வராமல் திரும்பத் திரும்ப முயன்றார். அக்கா உதவிக்கு வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

திட்டு வாங்கியதில் ஐஸுக்கு அன்றுபோல் சந்தோஷம் என்றும் இருந்ததில்லை. “ஒரிஜினல் பத்திரமா இருக்கு. திரும்பச் சேர்த்துடறேன்” என்றார்.

“நீ தனியா பண்ணாதே. நானும் வர்றேன்.”

இப்போது மச்சான் இடது கையாலேயே ஓரளவு சரளமாகப் பேசுகிறார். சில சொற்கள் இன்னும் உளறலாகத்தான் வரும். அக்கா புரியாததுபோல் நடித்துத் திரும்பச் சொல்ல வைக்கிறாள். விடுமுறை நாட்களில் ஐஸின் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி. அடுத்த கதை ஓடிக்கொண்டிருக்கிறது. “பின்னால போ, இன்னும் கொஞ்சம் பின்னால” என்று மச்சான் அவரை விரட்டிக்கொண்டிருக்கிறார்.