ஒன்றும் தெரியாதவள் வேண்டுமாம்

நான் எட்டாவதோடு நின்றவள். என் கொழுந்தன் மனைவி செல்வி, கல்யாணத்துக்குப் பிறகும் கல்லூரிக்குப் போய் கம்ப்யூட்டர் படிக்கிறாள். மாமியாரே அவளை பஸ் ஏற்றிவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். செல்வி லேப்டாப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்கள் ரூம் பிடிக்க ஒரு வெப்சைட் செய்திருந்தாள். மறுநாள் கல்லூரியில் காட்ட வேண்டும். ஆனால் ஒரே ரூமை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறதாம்.

"ஒண்ணும் தெரியாதவங்களுக்கு எடுத்துச் சொன்னா, தப்பு தானா மாட்டும்னு சார் சொன்னாருக்கா."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"வேற யாரு பொறுமையா கேப்பாங்க?"

ஒண்ணும் தெரியாதவள் என்றது சுருக்கென்றது. இருந்தும் கேட்டேன். எழுதியிருந்த புரோகிராமை ஒவ்வொரு வரியாக விளக்கினாள். பாதிதான் புரிந்தது. "அப்புறம்?" என்றேன். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயோ! ரூம் குடுத்ததும் அது காலி இல்லன்னு மாத்தவே இல்லக்கா!"

என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். மறுநாள் சார் பாராட்டினாராம். வீடே கொண்டாடியது.

என் பொறாமை இன்னும் போகவில்லை. முன்பு, அவள் படிக்கிறாளே என்று வந்தது. இப்போது, அவள் பாதியில் விட்டுப் போன மீதி எனக்குத் தெரியாதே என்று வருகிறது.