மேல் கணக்குக்குப் போகாத செய்தி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த நிலுக்ஷி, பதுளையில் ஒரு நிவாரணச் சங்கத்தின் கணினிகளைக் கவனிப்பவர். மழை அளவு மீறினால் தோட்டப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கு மண்சரிவு எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பேர்ள் மொழி நிரல் அவர் வசம் இருந்தது. செய்தி கண்டதும் பொறுப்பாளர் மாதா கோயில் மணியை அடிப்பார். மக்கள் லயங்களைவிட்டு மேட்டுக்கு ஏறுவர்.

மிகையான குறியொன்றையும் நிலுக்ஷி பொறுக்கமாட்டார். கார்த்திகைக் காலையொன்றில் பிரிவுகளின் பெயர்ப்பட்டியலைச் செப்பனிட்டார். பெயர்களைச் சூழ்ந்த மேற்கோள்களையும் இடையிலிருந்த காற்புள்ளிகளையும் நீக்கி, முழுவதையும், சொற்களைத் தானே பிரித்தறியும் qw என்னும் ஒரே கட்டுக்குள் இட்டார். அதற்கு வெளியே நின்ற அடைப்புக்குறிகளையும் தேவையற்றவையென எடுத்தார். நிரல் பிழை காட்டாமல் ஓடியது.

பிற்பகலில் மழை வலுத்து, எச்சரிக்கை புறப்பட்டது. மேல் கணக்கு தவிர எல்லாப் பிரிவுகளும் பதில் அனுப்பின. தோட்டத்தார் மேற்பிரிவை அவ்வாறே அழைப்பர். அங்கே, மண்மேட்டின் அடியிலுள்ள லயத்தில், நிலுக்ஷியின் தாய் பவுலினா இருந்தார். நிலுக்ஷி தாய்க்கும் அப்பிரிவின் பொறுப்பாளர் இராயப்பனுக்கும் அழைத்துப் பார்த்தார், இணைப்பில்லை. குறுஞ்செய்தி மட்டுமே நுழையக்கூடிய நிலை.

காலையில் நடந்த திருத்தத்தைப் பார்த்திருந்த, யாழ்ப்பாணத்தவரான அலுவலர் சிதம்பரநாதன் பின்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, காலமை கழட்டின அடைப்புக்குறியளைத் திருப்பிப் போடும். அதாலதான் பிழைச்சிருக்கு.”

“அது இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான் சேர்.”

“வாதாட இதுவோ நேரம்? போடும்!”

போட்டு, மறுபடி அனுப்பினார். பதில் இல்லை.

நிரல் வாசித்த பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வரவழைத்தார். ‘மேல்’ ஒரு வரியில். ‘கணக்கு’ அடுத்த வரியில். qw இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டும். ஏனைய பெயர்கள் ஒற்றைச் சொற்களாதலால் தப்பின. ‘மேல்’ என்றோ ‘கணக்கு’ என்றோ எந்தப் பிரிவுக்கும் தொலைபேசி எண் இல்லாததால், நிரல் ஓசையின்றிக் கடந்து போயிருந்தது.

“ஐயோ சேர், எங்கம்மா இருக்கிற எடத்தையே ரெண்டா வெட்டிட்டேன்!”

“பிறகு அழலாம். முதல்ல அனுப்பும்.”

qw-ஐ அகற்றி, ஒவ்வொரு பெயருக்கும் மேற்கோளும் காற்புள்ளியும் இட்டார். கட்டு நீங்கிய பட்டியலுக்கு வெளி அடைப்பு இன்றியமையாதது; சிதம்பரநாதனின் பிடிவாதத்தால் அது இடத்திலேயே நின்றது. செய்தி சென்றது.

கடைசியில் நிலுக்ஷியின் தொலைபேசி ஒலித்தது; தாய்தான். கோயில் மேட்டில் மட்டும் இணைப்பு எட்டும்.

“ஏன்டி, இராயப்பண்ணே மணிய ஒடைக்கிற மாதிரி அடிக்கிறாரு. கோழிய விட்டுட்டு ஓடியாந்துட்டேன். போயிப் புடிச்சிட்டு வந்துரவா?”

“கோழி கெடக்கட்டும்! கோயில விட்டு அசையாதம்மா!”

மறுமுனையில் பெரும் இரைச்சல் எழுந்தது. பிறகு பவுலினாவின் குரல் தாழ்ந்து வந்தது.

“நம்ம லயம் போச்சுடி.”

“ஆளுங்க? அம்மா, ஆளுங்க?”

“எல்லாரும் இங்கதான் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம்.”